செண்பகம் அப்பா

கௌரவமான குடும்பங்கள் எல்லாம் செய்வதுபோல உலகநாதனும் இறந்த மனைவி பிரம்மநாயகியை வீட்டுச் சர்வரில் குடிவைத்திருந்தார். விடிந்ததும் அவரைக் கூப்பிட்டு எழுப்புவது அவள் குரல்தான். சில நாட்களாக அது கூப்பிடவில்லை. சர்வரின் திரையில் ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது: 'தேடிய பெயர் இல்லை.'

பழுது பார்க்க வந்த மரியசெல்வம் திரையை உருட்டிப் பார்த்தான்.

"மெஷின்ல கோளாறு இல்ல ஐயா. அம்மாதான் ஒரு பேரைத் தேடிக்கிட்டே இருக்காவ. செண்பகம்னு யாரையும் இதுல இருந்து அழிச்சியளா?"

"எம்மவ. எவனையோ கட்டிக்கிட்டு ஓடுனா. தலைமுழுகியாச்சு. நீ பழுத மட்டும் பாரு."

"அம்மா உங்கள எப்படிக் கூப்பிடுவாவ?"

புருஷன் பெயரை வாயால் சொல்லாத குடும்பத்திலிருந்து வந்தவள் அவள். ஆயுசு முழுக்க 'செண்பகம் அப்பா' என்றுதான் கூப்பிட்டாள்.

"பிரமு, நாந்தான், உலகநாதன்" என்றார் சர்வரைப் பார்த்து.

குரல் கூச்சத்தோடு தணிந்தது. "தம்பி, யாரோ பெரியவர் வந்திருக்காவ. உக்காரச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரவுக வெளிய போயிருக்காவ, வந்துருவாவ."

மரியசெல்வம் தலையைக் குனிந்துகொண்டான். "மக பேரைத் திரும்பச் சேர்த்துட்டா சரியாயிரும் ஐயா. சேத்துரட்டா?"

"எச்சரிக்கை வராம மட்டும் நிறுத்து."

சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியின் நுனியில் உலகநாதன் முதுகு வளையாமல் உட்கார்ந்தார்.