டாக்டர் வீட்டு வெங்காயம்

டாக்டர் சவரிமுத்துவின் முதலாம் வருஷ நினைவுப் பூசைச் சாப்பாட்டுக்கு மஸ்கெலியாவிலிருந்து அரிசி கொண்டுவந்த கடைக்கார நஜீமுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுத்து டாக்டராக்கிவிட்டாரு. இன்னைக்கு ஒருத்தராவது வந்தாங்களாம்மா?”

டாக்டரின் மனைவி டோரீன் சிரித்தார். “உட்காருங்க நாநா.”

கொல்லையில் ஏழெட்டுப் பேர் சிரித்துப் பேசியபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நஜீம் அவர்களை அதட்டினார்.

“கதை பேசாம கையை ஓட்டுங்க. பூசை முடிஞ்சா சனம் சாப்பிட வந்துரும்.”

அடுத்த மூட்டையைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

கண் விழித்தபோது, வெங்காய வாடை வீசும் விரல்கள் அவர் நாடியைப் பிடித்திருந்தன. ஒருவன் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி, தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனில் விவரம் சொன்னாள்.

“பயப்படாதீங்க முதலாளி. ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன்” என்றாள் நாடி பிடித்தவள்.

“நீங்கல்லாம் யாரு?”

டோரீன் சொன்னார்: “நீங்க கேட்ட டாக்டருங்கதான் நாநா. வெங்காயம் உரிச்சு, சமைச்சு, எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் இந்த வீட்டுல அவரு பாடம் தொடங்குவாரு. பழக்கம் விடல.”

நஜீமை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டபோது கொல்லையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“நீ போயிட்டு வா அனுஷ்கா. உன் பங்கை நாங்க உரிச்சுடுறோம்.”