முகம் வராத படம்

தோட்டத் தொழிலாளர் சங்கத்திலிருந்து இருளப்பனை நீக்க நான் எழுதிய தீர்மானத்தில் அவன் துரோகங்கள் வரிசையாக இருந்தன.

ஒன்று. எழுபத்து நாலில் ஊர்வலப் பதாகைக்கு வர்ணம் கேட்டோம். "சிவப்பு தீர்ந்துபோச்சு, செயலாளரே" என்றான்.

இரண்டு. எழுபத்தேழில் நாங்கள் மறியலில் நனைந்தோம். அவன் குன்றின்மேல் குடைக்கடியில் உட்கார்ந்து பனியை வரைந்தான்.

மூன்று. எழுபத்தொன்பதில் மண் சரிந்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் கால் போன மறுநாள், தேயிலை மலைப் படம் ஒன்றைத் துரைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தான். துரை அன்றே சட்டம் போட்டு ஆபீசில் மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, "அவ வேலைக்கே வரலை. விறகு திருட வந்தவ" என்று எழுதிவிட்டார். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் அவள் பெயர் பதியவில்லையாம். கூட நின்ற பெண்கள் சொன்ன சாட்சி, "சங்கத்து ஆளுங்க பேச்சு" என்று தள்ளப்பட்டது. லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசும் வந்தது.

தொழிலாளர் இலாகா அதிகாரி விசாரணைக்கு வந்தார். ஆபீசில் துரை, கிராணி, நான், ஊன்றுகோலோடு அம்மாக்கண்ணு. இருளப்பனும் வந்து நின்றான்.

"உனக்கென்ன வேலை இங்க? தொரைக்கு இன்னொரு படமா?" என்றேன்.

"அந்தப் படத்தக் கொஞ்சம் எறக்கணும்லா."

இறக்கினார்கள். பனிக்குள் நாலு பெண்கள். ஒருத்திக்கும் முகமில்லை. காலண்டரைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவன். மலை வரும், பனி வரும், கண்ணும் மூக்கும் வராது. லைனே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

கிராணியும் சிரித்தார். "இதுல யாருய்யா அம்மாக்கண்ணு?"

"மூஞ்சி எனக்கு வராதுங்க. அதனால பின்னால பேரு எழுதிருவேன். நாளு, மணி எல்லாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மடையா, அதை எங்கிட்ட கொடுக்கறதுக்கென்ன?"

"உங்ககிட்ட இருந்தா, நேத்து எழுதினதுன்னு சொல்லுவாங்க. தொரை ஆபீசுச் சட்டத்துக்குள்ள இருந்தா?"

சட்டத்தின் பின்பக்கத்தை மூடி ஒட்டியிருந்த தாளில், படம் பெற்றதற்குத் துரை போட்ட கையெழுத்து. தேதி, விபத்துக்கு மறுநாள். ஒட்டு பிரியவே இல்லை.

அதிகாரி பிளேடால் தாளைக் கீறினார். படத்தின் முதுகில் இருந்த எழுத்தை, விபத்து நாளின் தேதியில் தொடங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"புதன், காலை ஒன்பது மணி, ஏழாம் நம்பர் மலை. முதல் நிரை இராசம்மா. அடுத்து நவமணி. அடுத்து தங்கம்மா..."

என் சட்டைப் பையில் தீர்மானம் கசங்கியது.

"கடைசி நிரை, கூடை நிறையக் கொழுந்தோடு, அம்மாக்கண்ணு."