வாசலில் ஒளிரும் எண்

பெண்பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அரசாங்கம் ஒரு சிறு திரையை மாட்டியிருந்தது. அந்தப் பிள்ளையை யாராவது ஏமாற்றிக் கூட்டிப்போய் விற்றுவிடும் ஆபத்து எவ்வளவு என்று அதில் ஓர் எண் ஒளிரும். எண்பதைத் தாண்டிய வீட்டுக்குத்தான் அரிசி வரும். இசக்கியம்மாள் வீட்டில் எழுபத்தொன்று.

மழைக்காலம் என்பதால் உப்பளத்தில் வேலை இல்லை. வீட்டில் அடுப்பும் எரியவில்லை.

"பிள்ளைய ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு விடாத மதினி. நம்பரு தானா ஏறிரும். நானும் எம்பிள்ளைய அப்படித்தான் நிறுத்தி வச்சிருக்கேன்," என்றாள் எதிர்வீட்டு ஜெபராணி.

மகள் தன்ஷிகா அழுதாள். "அங்க மத்தியானச் சோறாவது கெடைக்கும்மா."

"ஏட்டி, சும்மா கெட. அரிசி வரட்டும், போலாம்."

திரையில் எண் எண்பத்திரண்டு ஆன மறுநாளே, குடையும் பழப்பையுமாக ஒருத்தி வந்து நின்றாள்.

"அரிசி ஆபீஸா?" என்று ஆவலாய்க் கேட்டாள் இசக்கியம்மாள்.

"அவுக வர நாளாகும்க்கா. பிள்ளைய எங்கூட அனுப்புங்க. மில்லு வேலை, மூணு வேளை சோறு."

"இங்க பிள்ள இருக்கது ஒனக்கு எப்படித் தெரியும்?"

வந்தவள் சிரித்தபடி திரையைக் காட்டினாள்.

போன மழைக்கு மேலத்தெரு ரெனிட்டாவும் மில்லுக்கென்றுதான் போனாள். போலீஸ் அவளை மீட்டது ஒரு லாட்ஜிலிருந்து.

"செருப்பு பிஞ்சிரும், போடி!"

இசக்கியம்மாள் மகளை இழுத்துக்கொண்டு, மழையிலேயே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, அந்தக் குடைக்காரி எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ ஜெபராணி, தெறக்காத!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள் இசக்கியம்மாள்.

அதற்குள் கதவு திறந்துவிட்டது. ஜெபராணி முகமெல்லாம் சிரிப்பாக, வந்தவளின் முதுகுக்குப் பின்னால் அரிசி மூட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.