சட்டைக்கைக்கு அடியில் ஒரு கதை

அம்மா கத்தரிக்கோலை விரித்துப் பிடித்திருக்கிறாள். மேசையில் விரித்த பழுப்புக் காகிதம் முழுக்க என் தங்கை விடிய விடிய எழுதிய கதை. வேறு பிரதி கிடையாது. அதன் நடுவில், அளவுக்கு வைத்த பழைய சட்டைக்கை கிடக்கிறது. "முடியுமா முடியாதா? வேற ஆளப் பாத்துக்கிறேன்," என்று சட்டை தைக்கக் கொடுக்க வந்தவள் வாசலில் செருப்பைத் தேய்க்கிறாள். "ஏண்டி, கதை எழுத நான் அளவு வெட்டுற தாள்தான் கிடைச்சுதா?" என்று அம்மா தங்கையிடம் சீறுகிறாள். "நீளமா இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு." "எனக்கும் இது ஒண்ணுதான் இருக்கு. எங்க வெட்டட்டும், சொல்லித் தொலை." அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அவளுக்கு எல்லா வரியும் ஒன்றுதான். எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. இந்த வீட்டின் முதல் பட்டதாரி நான், ஒரு வெள்ளைத்தாள்கூட வாங்கிப் போடாதவள். தங்கை குனிந்து உதடசையப் படிக்கிறாள். மெல்லச் சட்டைக்கையை நகர்த்தி, கடைசி வரிகளின் மேல் வைக்கிறாள். "முடிவ வெட்டிக்கோம்மா. அதுல கதையில வர்ற பொண்ணு திரும்பவும் வீட்டுக்கே வந்துடுறா." "வந்தா என்னடி?" என்கிறாள் அம்மா. தங்கை காகிதத்தின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கிறாள். காகிதம் கரகரவென்று பிளக்கிறது.