எலி சேர்த்தது

"கதிர் நிறைய இருக்குன்னு சொல்லியனுப்புனியாமே? கைய எடு ரெத்தினம். எலி சேர்த்ததும் என் நெல்லுதான்!"

ஈஸ்வரியின் குரல் கேட்டதும், வளையைத் தோண்டிக்கொண்டிருந்த ரெத்தினம் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

அறுவடை முடிந்த வயல்களில் எலி பிடிப்பவர் ரெத்தினம். வளைக்குள் எலி பதுக்கிய கதிர் பிடிப்பவருக்கே என்பது ஊர் வழக்கம். இந்த வருஷம் ஈஸ்வரி அதை நிறுத்திவிட்டாள். காரணம், ரெத்தினத்தின் மகள் செவ்வந்தி.

நடவன்று இதே வயலில் ஈஸ்வரியின் இரண்டு பவுன் சங்கிலி காணாமல் போனது. நாற்று நட்ட செவ்வந்தியைப் போலீஸ் பிடித்தது. அவள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து சங்கிலியை 'மீட்டது'. செவ்வந்தி இன்னும் ஜெயிலில். திங்கட்கிழமை கோர்ட்டில் ஈஸ்வரிதான் முதல் சாட்சி.

சங்கிலி கழுத்துக்குத் திரும்பிவிட்டது. அதன் கொக்கி மட்டும் ஏனோ பிடரியில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லம்மா?"

"திருட்டுக் குடும்பத்துக்கு என்னய்யா வழக்கம்?"

"சரி, நான் தொடல. நீங்களே கையை விட்டு எடுத்துக்குங்க. நாளைக்கு இதுல பாதியக் காணோம்னு பேச்சு வரக் கூடாது பாருங்க."

"நானா? எலி வளைக்குள்ளயா?"

ரெத்தினம் வரச்சொல்லி வந்து வரப்பில் நின்றிருந்த வார்டு மெம்பர் நெடுமாறன் சிரித்தார். "அம்மாவுக்கு எலின்னா பயம் போல!"

"எனக்கென்ன பயம்?"

ஈஸ்வரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். முன்னால் வந்து ஊஞ்சலாடிய சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டு, முழங்கை வரை கையை விட்டாள்.

ஒரு பிடி கதிர் வந்தது. அடுத்த பிடியில், கதிரோடு பின்னிக்கொண்டு மண் அப்பிய ஏதோ ஒன்று. துடைத்தாள். மஞ்சளாய் மின்னியது. கொக்கி விட்டுப்போனதென்று அவளே சுற்றிய செப்புக் கம்பி, அப்படியே இருந்தது.

"ஐயோ, என் சங்கிலி!"

நெடுமாறன் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். "உள்ள இருக்கறது உனக்கு முன்னாடியே தெரியுமாய்யா?"

"நான் எடுத்தா திருட்டு, மெம்பர். அவங்க எடுத்தாத்தான் கண்டெடுத்தது."

மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டியபடி ரெத்தினம் ஈஸ்வரியைப் பார்த்தார்.

"அது உங்களுதும்மா, வச்சுக்குங்க. கழுத்துல கிடக்கறதக் கழட்டிக் குடுங்க. போலீஸ் அடி தாங்காம, வீட்டு மனைய வித்து நாங்க வாங்கிக் குடுத்தது அது."