கல்லிலிருந்து அறுபது அடி

சர்வேயர் நீட்டிய எல்லைப் படிவத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான். அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தெருவுக்கு ஒரு மண்டு இப்படி இருந்தா வக்கீலுங்கல்லாம் பட்டினிதான் சார்" என்றார் சர்வேயரிடம். தம்பி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

புதுச் சட்டம் அண்ணனுக்கென்றே செய்ததுபோல வந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் பக்கத்து மனைக்காரர் ஆட்சேபிக்காவிட்டால், நட்டிருக்கிற கல்தான் எல்லைக்கல். கையெழுத்தான பிறகு கோர்ட்டுக்கும் போக முடியாது.

கிழக்குப் பக்கத்துக் காலி மனைக்காரர் எங்கோ வெளிநாட்டில் இருந்தார்; மூன்று மாதமும் அவரிடமிருந்து ஆட்சேபம் வரவில்லை. சட்டம் வந்த வாரமே, ஆளரவமில்லாத ஒரு மத்தியானத்தில், அண்ணன் அந்தப் பக்கத்துக் கல்லைப் பிடுங்கிக் கிழக்கே நாலடி தள்ளி நட்டுவிட்டார். அந்த நாலடி வந்தால் கார் நிறுத்த இடமாகிவிடும்.

மண்வெட்டியைக்கூட மேற்கு வீட்டிலிருக்கும் தம்பியிடம்தான் இரவல் வாங்கினார். எதற்கென்று அந்த மண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மேற்கே கல்லைக் காணோமே?" என்றார் சர்வேயர்.

"சமையலறை கட்டும்போது நான்தான் பிடுங்கிப் போட்டேன். என் சுவர்தான் அந்தப் பக்கத்து எல்லை. இவன் வாயத் திறப்பானா என்ன?"



"அப்போ ஒரே கல்லுதான் இருக்கு. அது இருந்த இடத்துலயே இருக்குன்னு நீங்களும் ஒத்துக்கறீங்களா?"

"எங்கப்பா கையால நட்டது சார். ஒரு அங்குலம் நகரல!" அண்ணன் கூசாமல் சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

"பத்திரத்துல அகலம் எவ்வளவு?"

"அறுபது அடி. பத்திரம் கிடக்கட்டும் சார், தரையில இருக்கறத எழுதுங்க."

"அதெல்லாம் பழைய சட்டம். இப்போ பத்திரத்து அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இருக்கற கல்லுலேர்ந்து அளக்க வேண்டியதுதான்."

டேப்பின் நுனியைக் கிழக்குக் கல்லில் மாட்டிவிட்டு சர்வேயர் நடந்தார். டேப் வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் நுழைந்தது. அங்கே அண்ணி கரண்டியும் கையுமாக ஒதுங்கி நின்றாள்.

மேற்குச் சுவருக்கு நாலடி இருக்கும்போதே சர்வேயர் நின்றுவிட்டார். குனிந்து, தரையில் சிவப்புச் சாக்பீஸால் கோடு போட்டார்.

"அறுபது."

"சார், சுவருக்கு இன்னும் நாலடி இருக்கே!" அண்ணனின் குரல் கீச்சிட்டது.

"அது உங்க கணக்குல வராது. அடுத்த மனை இந்தக் கோட்டுலதான் ஆரம்பிக்குது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சே."

அண்ணன் கோட்டைப் பார்த்தார், கல் இருந்த திசையைப் பார்த்தார். கல்லை நகர்த்தினேன் என்று சொன்னால் ஜெயில்; சொல்லாவிட்டால் சமையலறை போயிற்று.

தம்பி கோட்டைத் தாண்டிப்போய், அடுப்பு மேடையில் வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

"அண்ணி, என் இடத்துல அடுப்பு எரியுது. அணைச்சிடுங்க."