சுடுவது தம்பி வேலை

மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாக விழுகிறது. அம்மா போய்ச் சேர்ந்தபின் வீட்டைக் காலி செய்ய வந்த அக்கா, பாதி கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பழைய விண்வெளி விளையாட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள். கவசம் போட்ட வீரன் பாழடைந்த விண்கலத்துக்குள் ஓடுகிறான், குழாய்களைத் தாண்டுகிறான், கதவுகளைத் திறக்கிறான். கடைசிக் கதவுக்குப் பின்னாலிருந்து பல கால் ஜந்து பாய்ந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்று செத்துப்போகிறான். சின்ன வயதில் ஒரே கீபோர்டில் ஓட்டுவது அக்கா, சுடுவது தம்பி. சுடுகிற ஸ்பேஸ் பாரில் அவள் விரல் அன்றும் பட்டதில்லை, இன்றும் படவில்லை. வீரன் மறுபடி பிறந்து மறுபடி ஓடுகிறான். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்தபிறகு வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த தம்பி, தோள்பையை இறக்காமல் வாசற்படியிலேயே நிற்கிறான்.

"சுட வேண்டியதுதானேக்கா?"

"அது உன் வேலை."

ஜந்து பாய்கிறது. அவன் ஓடிவந்து குனிந்து ஸ்பேஸ் பாரை அழுத்துவதற்குள் வீரன் விழுந்துவிடுகிறான்.

"எப்பவுமே லேட்டுதான்டா நீ," என்கிறாள், திரையைப் பார்த்தபடியே.

கம்ப்யூட்டருக்குள் விசிறி கடகடவென்று சுற்றுகிறது. அவள் நாற்காலியில் பாதியை விட்டுத் தள்ளி உட்காருகிறாள்.